திங்கள்சந்தையில் போர்டு இல்லாத ரிப்பேர் கடை

மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற இந்தக் கடைக்குப் போர்டு கிடையாது. முன்பு ஒன்று இருந்ததாம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று பறந்து போனது. யார் தோப்பில் விழுந்ததென்று கடைக்காரர் தேடவும் இல்லை, புதிதாக எழுதி மாட்டவும் இல்லை. "போர்டைப் பாத்தா ஆளு வருது? பழுதானாத்தானே வருது" என்பார். அதனால் வழி சொல்வதே பெரும்பாடு. கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையில் இருந்து இரணியல் பக்கமாக வரும்போது மெயின் ரோட்டை விட்டு ஒரு முடுக்கு இறங்கும். முதலில் சாயாக்கடை, அடுத்தது தையல் கடை, அதற்கும் அடுத்தாற்போல் வாசலில் இரண்டு வாஷிங் மெஷின் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டிருக்கும். ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார். மற்றது நமக்கு.

நான் நெய்யூர் பக்கம் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறவள். இட்லி மாவு, ஆப்ப மாவு. நாளொன்றுக்கு அரிசி மட்டும் 10 கிலோ. கிரைண்டர் ஒரு நாள் படுத்தால் இரண்டு கடைக்கும் ஏழெட்டு வீட்டுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே மற்றவர்கள் ஒரு டாக்டரைத் தெரிந்து வைத்திருப்பது போல நான் ஒரு ரிப்பேர்காரரைத் தெரிந்து வைத்திருக்கிறேன். ஏழெட்டு வருஷப் பழக்கத்தில் எழுதுகிறேன். பாராட்டும் இருக்கும், வயிற்றெரிச்சலும் இருக்கும்.

முதல்முதலில் அங்கே போனது 2018 கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துத் திரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் மிக்சி நின்றுவிட்டது. வீடெல்லாம் எரிந்த மணம். நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, டோக்கன், ஏசி, எல்லாம் உண்டு. கவுன்டரில் இருந்த பையன் பிளக்கைச் செருகி ஒரு தடவை சுவிட்சைத் திருப்பினான், ஓடவில்லை. "மோட்டார் போயிட்டு மேடம். 2,650 ஆகும். அதுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா புதுசே வாங்கிரலாம்" என்றான். மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை, ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. பெங்களூரில் இருக்கிற என் மகனும் போனில் அதையேதான் சொன்னான். அவனுக்கு எதுவுமே புதுசு வாங்குவதுதான் வைத்தியம்.

பக்கத்து வீட்டு மயினிதான் இந்தக் கடையைச் சொன்னாள். மிக்சியைக் கட்டைப்பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அறுபதைத் தொட்ட ஆள், சாரமும் அரைக்கை பனியனும், காதில் ஒரு பென்சில். மிக்சியைத் தொடவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கடைசியா என்ன அரைச்ச மக்களே?"

"சிறுபயறு அண்ணே. முந்திரிக்கொத்துக்கு."

"வறுத்து ஆறினதுக்குப் பொறவா, சூட்டோடயா?"

நான் பேசவில்லை. அவர் சிரித்துக்கொண்டார்.

"நிக்கதுக்கு முன்ன சத்தம் மாறிச்சா? தீப்பொறி கண்டியா?"

யோசித்துப் பார்த்தால், ஒரு மாசமாகவே அடியில் காற்றுப் போகிற சந்து வழியாக நீலமாக மினுக்கியது ஓர்மை வந்தது. ராத்திரி கரண்ட் லைட் மங்கலாக இருந்த நேரத்தில் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

"பின்ன அது கார்பனாக்கும். மோட்டாரு ஒண்ணும் போவல்ல."

முதலில் மிக்சியைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கினார். அது எனக்கு அதுவரை தெரியாது. ஜாரில் அளவுக்கு மேல் போட்டாலோ, தண்ணீர் விடாமல் கெட்டியாக அரைத்தாலோ மோட்டார் சூடாகி அந்தப் பட்டன் வெளியே தள்ளிக்கொள்ளுமாம். ஒரு பத்து நிமிஷம் ஆறவிட்டு அதை உள்ளே அமுக்கினால் பாதிப் பேர் வீட்டில் மிக்சி பழையபடி ஓடும். "இந்தப் பட்டனை அமுக்கதுக்குன்னே மாசம் பத்து பேரு பஸ் ஏறி வருவாவ. நான் பைசா வாங்க மாட்டேன். ஆனா ரெண்டாம் தடவை வந்தா ஏசுவேன்." என்னுடையதில் பட்டன் டிக்கென்று உள்ளே போனது, மிக்சி ஓடவில்லை. அப்புறம்தான் ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

நாலு ஸ்குரூ. அடிமூடி கழன்றது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய மோட்டார், அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கின மாதிரி ஒரு வளையம். அந்த வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கூடு, அதற்குள் ஸ்பிரிங் வைத்துத் தள்ளுகிற கறுப்புக் கட்டை. அதுதான் கார்பன். சுற்றுகிற வளையத்துக்குக் கரண்ட் கொடுப்பது இந்த இரண்டு கட்டைகள்தான். உரசி உரசித் தேய்வதுதான் அதன் வேலையே. எனக்குள்ளதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சிலேட்டுக் குச்சியைக் கடைசிவரை எழுதித் தீர்த்தால் எப்படி ஒரு பொட்டு மிஞ்சும், அப்படி. பக்கத்தில் புதுசை வைத்தார், என் சுண்டுவிரல் நகத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம். கட்டை குட்டையானதும் ஸ்பிரிங்குக்கு எட்டவில்லை, வளையத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றதால்தான் பொறி, மணம், எல்லாம். கரி படிந்த வளையத்தைச் சீரோ நம்பர் உப்புத்தாளால் பையப் பைய ஒற்றித் துடைத்தார். புதுசைப் போட்டு ஜார் வைக்காமல் ஓட்டினார். முதலில் கொஞ்சம் பொறி பறந்தது, கட்டை வளையத்தோடு பொருந்தினதும் அடங்கிவிட்டது. இரண்டு கார்பனும் கூலியும் சேர்த்து 140 ரூபாய்.

கிளம்பும்போது பழைய இரண்டு கட்டையையும் தினத்தாள் துண்டில் மடித்துக் கையில் கொடுத்தார். "இது எதுக்கு?" என்றேன். "களயாண்டாம். கொண்டு போ. மாத்தினேன்னு எனக்க வாய் சொன்னா போதுமா?" எங்கே என்ன ரிப்பேர் செய்தாலும் பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்குவது அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். கேட்கும்போது சில கடைக்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

இந்த ஆளிடம் நான் காசு கொடுத்தது கை வேலைக்கு என்றாலும், வாங்கி வந்தது அந்தக் கேள்விகளைத்தான். சத்தமே இல்லையா, சத்தம் வந்தும் சுற்றவில்லையா, சுற்றியும் அரைக்கவில்லையா? மூன்றும் மூன்று கதை. சத்தமே இல்லையென்றால் முதலில் பிளக், வயர், அந்தச் சிவப்புப் பட்டன். மோட்டார் சத்தம் விர்ரென்று வருகிறது, பிளேடு மட்டும் நிற்கிறது என்றால், ஜாரின் அடியிலோ மிக்சியின் தலையிலோ இருக்கிற பல்சக்கரம் மாதிரியான கப்ளர் மழுங்கியிருக்கும். எண்பது, நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஜாருக்கு அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிகிறதா, பிளேடு தண்டைப் பிடித்துச் சுற்றவிடுகிற புஷ் தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அது அடிக்கடி வரும். தீயலுக்கு வறுத்த தேங்காயைச் சூட்டோடு அரைப்பதை நான் இன்னும் விட்டபாடில்லை. அவருக்கும் தெரியும். ஜாரைப் பார்த்ததுமே "தீயலா?" என்பார்.

கிரைண்டர், ஃபேன் இரண்டுக்கும் கதை ஒன்று. உம்மென்று முனகும், சுற்றாது. ஒரு தள்ளு தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும். அப்படியானால் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் செத்துவிட்டது. எங்கள் வீட்டு ஹால் ஃபேன் போன வருஷம் அப்படித்தான் ஆனது. எங்க வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வேலை பார்த்தது குடோனில் என்றாலும் அங்கிருந்து வந்த எல்லாரும் எலக்ட்ரீஷியன்தானே. கடையில் 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில், "கூடப் போட்டா வேகமா ஓடும்" என்று 4 வாங்கிப் போட்டார். ஓடியது, நல்ல வேகமாகவே ஓடியது. ஒரு வாரத்தில் ஃபேன் நடுவில் கை வைக்க முடியாத சூடு. அண்ணனிடம் கொண்டுபோனால், எங்க வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தா வளரும். கலத்தோட கவுத்தா வளருமா?" என்றார். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி கருகுவதற்கு முன் பிடித்துவிட்டார். வீட்டில் மாற்றுகிறவர்களுக்கு அவர் சொல்லி அனுப்புவது இரண்டு: பழையதில் என்ன நம்பர் எழுதியிருக்கிறதோ அதே நம்பர், கரண்டை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரின் இரண்டு கம்பியையும் வெறுங்கையால் தொடக் கூடாது, கொஞ்சம் அதில் தங்கி நிற்கும்.

ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்லாமல் இந்த எழுத்து முடியாது.

குளச்சலில் இருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவருகிற அக்கா, சாளை மலிந்த நாளில் எங்கள் மாமியின் தலையில் இரண்டு கிலோ கட்டிவிட்டுப் போய்விடுவாள். மாமி அதைச் சுத்தம் செய்து கவரில் போட்டு ஃப்ரீசரில் தள்ளிவிடுவார். எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், ஐஸ் தானாக உருகாது. பட்டனை அமுக்கி உருக்க வேண்டும். அதைச் செய்ய எனக்கு நேரமில்லை, மாமிக்குப் பொறுமையில்லை. போன ஆனி மாசம் ஒருநாள் காலையில் கவர் ஐஸோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மாமி மீன்வெட்டுகிற கத்தியை எடுத்து நெம்பியிருக்கிறார். நான் பின்னால் கிரைண்டரில் உளுந்து வழித்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, பாம்பு சீறுது!" என்று ஒரு கூப்பாடு. ஓடிப் போய்ப் பார்த்தால் ஃப்ரீசருக்குள்ளிருந்து ஸ்ஸ்ஸென்று சத்தம்.

கை நடுங்க அண்ணனுக்குப் போன் போட்டேன். வழக்கமாக எடுக்காதவர் அன்றைக்கு எடுத்தார். நான் சொல்லி முடிக்கும் முன்னே குரல் மாறியது. "அடுப்பு எரியுதா? அணை. சன்னல் கதவெல்லாம் திற. ஃப்ரிட்ஜுக்க பிளக்கை அங்க நின்னு பிடுங்காத, லைட்டும் போடாத. வெளிய போயி மெயினை அணைச்சிட்டு மாமியைக் கூட்டிட்டு முத்தத்தில நில்லு." முற்றத்தில் நின்றோம். மாமி கையில் கத்தி அப்படியே இருந்தது.

பிறகுதான் விளக்கினார். ஃப்ரீசரின் அந்த அலுமினியச் சுவருக்குள்ளேயே கேஸ் ஓடுகிற குழாய் பதிந்திருக்கிறது, தனியாக வேறு குழாய் இல்லை. கத்தி முனை பட்டால் ஓட்டை. இப்போது வருகிற வீட்டு ஃப்ரிட்ஜுகளில் அதிகமும் ஆர் 600ஏ என்கிற கேஸ். சமையல் கேஸின் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். அளவு ரொம்பக் குறைவு. எங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 38 கிராம் என்றிருந்தது. சன்னல் திறந்த வீட்டில் அது ஒன்றும் செய்துவிடாது; ஆனாலும் மூடின அடுக்களையில் பொறி பட வேண்டாம் என்பதுதான் அவருடைய பதற்றம்.

அடுத்தது அவர் சொன்னதுதான் இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம். "கேஸ் வேலை நான் எடுக்க மாட்டேன் மக்களே. எனக்கிட்ட அதுக்குள்ள சாமானம் இல்ல." தக்கலையில் ஒரு ஆளைச் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு அடையாளமும் சொன்னார்: கேஸ் நிரப்ப வருகிறவன் கையில் சின்னத் தராசு இருக்க வேண்டும், காற்றை உறிஞ்சுகிற பம்ப் இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் எத்தனை கிராமோ அத்தனையை நிறுத்துப் போட வேண்டிய கேஸ் அது, "தராசு இல்லாம கையளவுக்கு அடிக்கவன் வந்தா சாயா குடுத்து அனுப்பிரு." வந்தவர் தராசு கொண்டுவந்திருந்தார். ஃப்ரீசர் பெட்டி மாற்றி, கேஸ் நிரப்பி, 4,200 ரூபாய். இரண்டு கிலோ சாளைக்கு! மாமி அந்த மாசம் முழுவதும் கத்தியைத் தொடவில்லை, மீனும் வாங்கவில்லை. இப்போது ஐஸ் விரல் கனத்துக்கு வந்ததுமே உருக்கிவிடுகிறோம்.

ஃப்ரிட்ஜில் அவர் காசு வாங்காமல் தீர்த்த வேறு இரண்டும் உண்டு. என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே பின்சுவரில் கீழே ஒரு சின்ன ஓட்டை; உருகின தண்ணீர் அந்த வழியாகப் பின்னால் இறங்கி ஒரு தட்டில் விழுந்து தானே வற்றிவிடும். அந்த ஓட்டையில் கறிவேப்பிலை அடைத்திருந்தது. இளஞ்சூட்டில் வெந்நீர் விட்டதும் சரி. இன்னொன்று கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. பாதி நேரம் ரப்பரில் ஒட்டியிருக்கிற அழுக்குதான் காரணம். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே கவ்விக்கொள்ளும்.

வாஷிங் மெஷினுக்கு அவர் வீட்டுக்கு வருவார். வண்டிக் காசோடு 300. ஆனால் வருவதற்கு முன் போனில் ஒரு வேலை சொல்வார்: முன்கதவு மெஷின் என்றால் கீழே ஓரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பைப்பை அடைத்துவிட்டு, ஒரு தட்டை அடியில் வைத்து அந்த ஃபில்டரைத் திருகி எடு. எங்கள் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றபோது அதிலிருந்து வந்தவை: ஒரு அஞ்சு ரூபாய்க் காசு, மாமியின் ஜெபமாலையில் அறுந்த நாலு மணி, இரண்டு ஹேர்பின், சட்டைப் பையில் இருந்து கரைந்துபோன ஒரு லாட்ஜ் ரசீதுக் கூழ். ரசீது யாருடையது என்று விசாரிக்கப் போய் வேறு சண்டை. எங்க வீட்டுக்காரர் திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கியதாம்! குலசேகரத்தில் இருக்கிற என் சித்தி மகள் வீட்டில் அதே ஃபில்டரில் ஒட்டுப்பால். ரப்பர் வெட்டுகிற சட்டையைத் தனியே அலசாமல் போட்டால் பால் உறைந்து நூல் நூலாகப் போய் அடைத்துக்கொள்ளும். அது அவ்வளவு சீக்கிரம் வராது. அரை மணிக்கூறு குறடால் இழுத்திருக்கிறாள்.

தண்ணீர் மெதுவாக ஏறினால் பின்னால் பைப் மாட்டுகிற இடத்தில் ஒரு வலை இருக்கும், அதைக் கழற்றிப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேயுங்கள். போர்வெல் தண்ணீர் வீடுகளில் துருவும் மணலும் அதில்தான் போய் உட்காரும். மணவாளக்குறிச்சி, முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு மெஷினின் அடித்தகடே உப்புக்காற்றில் அரிக்கும். தரையோடு ஒட்டி வைக்காமல் ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள் என்பது அவர் பேச்சு.

மழைக்காலத்தில் நடந்த ஒன்று. வீட்டில் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடுகிற பெட்டி, சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்தது. எங்க வீட்டுக்காரர் அந்தப் பெட்டியே கேடு, அதைச் சுற்றி நேரடியாக வயர் கொடுத்துவிடலாம் என்று ஸ்குரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறிவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "அதை எடுத்தா உனக்க பொண்டாட்டி ஈரக்கையை மெயின்ல வச்ச கணக்கு. இறங்குடே கீழ!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் மனுஷன் இறங்கிவிட்டார். வெறும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், விழுகிறதென்றால் அது நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்றார். வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கு, பெட்டியைத் தூக்கிவிடு, ஒவ்வொன்றாகச் செருகு, எதைச் செருகினதும் விழுகிறதோ அதுதான் கள்ளன். எங்கள் கள்ளன் கொஞ்சம் கெட்டிக்காரன், போட்டதும் விழாமல் நாலு நிமிஷம் கழித்து விழவைத்தான். குளிமுறி வாட்டர் ஹீட்டர். உள்ளே கம்பி சூடேறின பிறகுதான் கசிவு. எலிமென்ட் மாற்றிக் கொடுத்தார், 650. பழைய எலிமென்டின் மேல் சுண்ணாம்பு பிடித்து வெடித்திருந்த கீறலைக் காட்டினார். அதையும் தினத்தாளில் மடித்துக் கொடுத்தார். என்னிடம் இப்போது ஒரு சின்ன மியூசியமே இருக்கிறது.

இனி வயிற்றெரிச்சல்.

"நாளைக்கு" என்று அவர் சொல்வதற்கு எந்த அகராதியிலும் அர்த்தம் கிடையாது. என் கிரைண்டர் பெல்ட் மாற்றுவது ஒரு மணிக்கூறு வேலை. ஒன்பது நாள் வைத்திருந்தார். முதல் நாள் பெல்ட் அளவு கிடைக்கவில்லை, இரண்டாம் நாள் கொழுந்தியா வீட்டில் பால் காய்ப்பு, மூன்றாம் நாள் மழை. ஒன்பது நாளும் நான் மயினி வீட்டுக் கிரைண்டரில் மாவாட்டினேன், அவள் கரண்ட் பில்லில் பாதியும் கொடுத்தேன். போன் எடுக்கவே மாட்டார் (கேஸ் கசிந்தால் ஒழிய). பில் கிடையாது. வாரண்டி என்று கேட்டால், "நான் இஞ்சதானே இருக்கேன்" என்பதுதான் வாரண்டி. இதுவரை அந்த வாரண்டி பொய்த்ததில்லை, ஒரு கெப்பாசிட்டர் இரண்டு மாசத்தில் போனதற்கு வேறொன்று சும்மா மாற்றித் தந்தார். ஆனாலும் புதிதாகப் போகிறவர்களுக்கு இது பிடிக்காது. வாயும் கொஞ்சம் கூடுதல். நாலு பேர் முன்னால் "எண்ணெய்க் கையால சுவிட்சைத் தொடாதன்னு எத்தனை தடவை" என்று ஏசுவார்.

மைக்ரோவேவ் எடுக்க மாட்டார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லுகிற வோல்டேஜ் நிற்கும், கடையில் சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் என்பார். இன்வெர்ட்டர் ஏசி போர்டும் எடுக்க மாட்டார். இதை ஒரு குறையாகச் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரியாததைத் தொடாத மெக்கானிக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ரிப்பேர் வேண்டாம் என்று சொல்லியும் அனுப்புவார். என் அக்காவின் இருபது வருஷ ஃப்ரிட்ஜுக்கு கம்ப்ரசர் போனபோது, "இதுக்கு இனி ரூவா இறக்காண்டாம். கரண்ட்டும் இது தின்னும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதே ஆள், 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கின விலையில்லா மிக்சி ஒன்றை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் கப்ளரும் கார்பனும் மாற்றி ஓட்டித் தருகிறார். அவர் அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டே இருக்கிறது. பழசு என்பதற்காக அவர் எதையும் தள்ளுவதில்லை. இறக்குகிற காசுக்கு அது இன்னும் எவ்வளவு நாள் ஓடும் என்று மட்டும் பார்க்கிறார்.

பிளக் பாயிண்டையும் முதலில் பார்க்கச் சொல்வார். இண்டக்‌ஷன் அடுப்பைச் சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டு "அடுப்பு அணைந்து அணைந்து எரியுது" என்று வருகிறவர்கள் உண்டு. பிளக்கின் காலைப் பார்த்தால் கறுத்து இளகியிருக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். அடுப்பைத் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிடுவார். அப்பாவின் காலத்து இரும்பு டேபிள் ஃபேன் ஒன்றை நானும் கொடுத்திருக்கிறேன். அதற்கு புஷ் கிடைக்கவில்லையாம், லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டுமாம். இரண்டு மாசமாக உத்திரத்தில் தொங்குகிறது. நான் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இந்தக் கடைக்கு ஐந்து ஸ்டாருக்கு எத்தனை என்று கேட்டால் நாலு. அந்த ஒன்றைக் குறைத்தது கிரைண்டருக்காக.

போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், சந்தைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமிருக்காது. ஞாயிறு அடைப்பு. காலையில் ஒன்பதரைக்கு மேல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போனால் ஆளும் இருப்பார், கோபமும் இருக்காது. என்ன சத்தம் கேட்டது, கடைசியாக என்ன அரைத்தீர்கள் என்பதை வழியிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மிக்சியைக் கொடுப்பதானால் ஜாரிலும் மூடியிலும் பெயிண்டால் பேர் எழுதிக் கொடுங்கள், அங்கே மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிப் போகும். எனக்குத் திரும்பி வந்தது யாருடையதோ நீல மூடி, ஜாரில் உட்காரவே மாட்டேன் என்கிறது. சட்னி அரைத்தால் சுவரெல்லாம் பூ. என்னுடையது பச்சைப் பிடி வைத்த சின்ன மூடி, ஓரத்தில் என் பேத்தி கடித்த பல் தடம் இருக்கும். யார் வீட்டுக்காவது வந்திருந்தால் அண்ணன் கடையில் கொடுத்துவிடுங்கள், உங்கள் நீல மூடியை அங்கே நான் கழுவி வைத்திருக்கிறேன்.